ஷரீஆ எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

பெப்ரவரி 4, ஒரு வாசகரின் கேள்வி

ஷரீஆ சட்டப் புத்தகம் தமிழில் எங்கே வாங்கலாம்? கண்டியில் இரண்டு கடையில் கேட்டேன், சிரிக்கிறார்கள். 1400 வருசமாக ஓர் எழுத்தும் மாறாத சட்டம் என்றால் ஒரு தடவை வாங்கினால் போதும்தானே. தெரிந்தவர்கள் சொல்லவும்.

பெப்ரவரி 4, இரவு

கடைக்காரர் சிரித்ததில் பிழையில்லை. அப்படி ஒரு புத்தகம் கிடையாது.

முதலில் என்னைப் பற்றி. நான் முஸ்லிம் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, கம்பளையில் ஒரு நொத்தாரிஸ் கந்தோரில் 27 வருசம் காணி உறுதி எழுதின கிளாக்கர். அங்கே வருகிற காணிகளில் பாதி முஸ்லிம் குடும்பங்களுடையவை. பங்கு பிரிக்கத் தெரியாமல் அந்த மேசையில் குந்தியிருக்க முடியாது. எதிரே துணிக்கடை வைத்திருந்த நானாவும், அஸர் தொழுதுவிட்டு அந்தக் கடைக்கு வருகிற ஒரு வயதான ஹஸ்ரத்தும் (மார்க்க ஆசிரியர்) சொல்லித்தந்ததுதான் என் படிப்பு.

ஷரீஆ என்ற அரபுச் சொல்லுக்கு, தண்ணீர் குடிக்கப் போகிற பாதை என்று ஒரு பழைய பொருள் உண்டு. இறைவன் காட்டிய வழி முழுவதும் அதில் அடங்கும். அந்த வழியை மனிதர் ஆராய்ந்து, இது கடமை, இது நல்லது, இது செய்தாலும் விட்டாலும் ஒன்று, இது வெறுக்கத்தக்கது, இது தடை என்று ஐந்தாக வகுத்துச் சொல்வதற்குப் பெயர் பிக்ஹ். விளங்கிக்கொள்ளுதல் என்று அர்த்தம். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது பிக்ஹ் புத்தகம். அப்படிக் கேட்டிருந்தாலும் கடைக்காரர் "எந்த மத்ஹப்?" என்று திருப்பிக் கேட்டிருப்பார். மத்ஹப் என்றால் ஓர் இமாமின் வழியில் வந்த சட்டப் பள்ளி.

பெப்ரவரி 5

குர்ஆனே அந்தப் புத்தகம்தானே என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். குர்ஆனில் 6,236 வசனங்கள். அவற்றில் சட்டம் பேசுபவை சுமார் 500 என்பது வழக்கமான கணக்கு. அதிலும் பெரும்பங்கு தொழுகை, நோன்பு, ஹஜ் போன்ற வணக்கங்கள் பற்றியது. வாரிசுப் பங்கு மாதிரிச் சில இடங்களில்தான் அரை, கால், அரைக்கால் என்று கணக்கு வரைக்கும் இறங்குகிறது.

மிச்சத்துக்கு நபியின் சொல்லும் செயலும், அதாவது சுன்னா. அதைச் சுமந்து வருபவை ஹதீஸ்கள். அதற்கடுத்தது இஜ்மா, அறிஞர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நின்ற முடிவு. அதுவும் இல்லாத இடத்தில் கியாஸ். தெரிந்த சட்டத்தின் காரணத்தைப் பிடித்துக்கொண்டு, தெரியாத ஒன்றுக்கு அதை நீட்டுவது. திராட்சை மதுவுக்குத் தடை, காரணம் போதை, ஆகவே போதை தரும் வேறொன்றுக்கும் அதே தடை என்பது பாடத்தில் வரும் உதாரணம். ஹஸ்ரத் அந்த "வேறொன்றுக்கு" கசிப்பைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் பிளேன்டீயைப் பார்த்தேன்.

நபி அவர்கள் முஆத் என்ற தோழரை யெமனுக்கு அனுப்பும்போது, எதைக் கொண்டு தீர்ப்புச் சொல்வாய் என்று கேட்டார்களாம். இறைவேதத்தைக் கொண்டு. அதில் இல்லாவிட்டால்? நபியின் வழியைக் கொண்டு. அதிலும் இல்லாவிட்டால்? என் அறிவைச் செலுத்தி முயல்வேன். அந்த முயற்சிக்குத்தான் இஜ்திஹாத் என்று பெயர்.

பெப்ரவரி 5, கொஞ்சம் கழித்து

அக்குறணையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார், முஆத் ஹதீஸின் அறிவிப்பாளர் வரிசை பலவீனமானது என்று. ஒப்புக்கொள்கிறேன். அபூதாவூத், திர்மிதி என்ற ஹதீஸ் தொகுப்புகளில் இருந்தாலும் ஹதீஸ் அறிஞர்கள் அதில் குறை கண்டிருக்கிறார்கள். சட்டக்காரர்களோ அதை விடாமல் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அடித்தளத்துக்கே சாட்சி சொல்கிற ஹதீஸிலேயே இரண்டு கட்சி. கேள்வி கேட்டவர் இதைக் கவனிக்க வேண்டும்.

பெப்ரவரி 8

இமாம்கள். சுருக்கமாகத்தான் சொல்ல நினைத்தேன், முடியவில்லை.

அபூ ஹனீபா கூபா நகரத்துப் பட்டு வியாபாரி, இறப்பு 767. (நம் நானா தன் கடைக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் தேவையில்லை என்பார்.) மாலிக் மதீனாக்காரர், 795. ஷாபிஈ காஸாவில் பிறந்து, மக்கா, மதீனா, பக்தாத் என்று அலைந்து, எகிப்தில் 820இல் இறந்தவர். அஹ்மத் இப்னு ஹன்பல் பக்தாதில் 855இல். இது சுன்னிகளின் நான்கு. ஷீஆக்களில் பெரும்பாலோர் ஜஃபர் அஸ்ஸாதிக் பெயரால் வரும் வழியில் போகிறார்கள்.

அபூ ஹனீபாவைப் பற்றி ஒரு கதை உண்டு. அஃமஷ் என்ற ஹதீஸ் அறிஞரிடம் யாரோ ஒரு சட்டக் கேள்வி கேட்க, அவர் தடுமாற, பக்கத்திலிருந்த அபூ ஹனீபா பதில் சொன்னார். எங்கிருந்து எடுத்தாய் என்றால், நீங்கள் எனக்குச் சொன்ன ஹதீஸிலிருந்துதான் என்றார். "நாங்கள் மருந்துக் கடைக்காரர், நீங்கள்தான் வைத்தியர்" என்றாராம் அஃமஷ்.

ஷாபிஈதான் இந்த நாலு மூலங்களையும் வரிசைப்படுத்தி, ரிஸாலா என்று ஒரு நூலில் விதி சொன்னவர். அவரே ஈராக்கில் சொன்ன பல தீர்ப்புகளை எகிப்துக்குப் போன பின் மாற்றிக்கொண்டார். பழைய கருத்து, புதிய கருத்து என்று இரண்டையும் மத்ஹபில் இன்றும் பெயர் சொல்லிப் படிக்கிறார்கள். 1400 வருசம் வேண்டாம், ஓர் ஆள் ஊர் மாறியதற்கே மாறியிருக்கிறது.

எனக்கு இதில் மிகப் பிடித்தவர் மாலிக். அப்பாஸிய கலீபா அவருடைய முவத்தா நூலையே நாடு முழுவதற்கும் சட்டமாக ஆக்கிவிடுகிறேன் என்றபோது, வேண்டாம் என்று மறுத்தார் என்பது வரலாற்று நூல்களில் வருகிற செய்தி. நபித்தோழர்கள் பல ஊர்களுக்குப் பிரிந்து போனார்கள், ஒவ்வொரு ஊரிலும் ஓர் அறிவு தங்கியிருக்கிறது, அவர்களை அப்படியே விடுங்கள் என்றாராம். கேள்வி கேட்டவர் தேடுகிற "ஒரே புத்தகம்" உண்டாகியிருக்க வேண்டிய சந்தர்ப்பம் அதுதான். எழுதினவரே வேண்டாம் என்றுவிட்டார்.

பெப்ரவரி 9

மத்ஹப் வித்தியாசத்தால் அன்றாட வாழ்க்கைக்கு என்ன என்று கேட்டவருக்கு ஒரே சொல்: றால். ஷாபிஈயில் கடலில் கிடைக்கும் றால் தாராளமாகத் தின்னலாம். ஹனபியில் மீன் மட்டும்தான் ஆகும், றால் மீனா இல்லையா என்று இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானாவின் மருமகன் இந்திய வழிவந்த ஹனபிக் குடும்பம். பெருநாள் சாப்பாட்டில் றால் சட்டி எப்போதும் நானாவின் பக்கம்தான் இருக்கும். மருமகனின் மத்ஹபை நானா மிகவும் மதிப்பவர்.

பெப்ரவரி 13

சரி, என் தொழிலுக்கு வருவோம். ஒருவர் இறந்தால் முதலில் அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு வஸிய்யத், அதாவது உயில் (மூன்றில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது), அதற்குப் பிறகுதான் வாரிசுகள்.

32 பேர்ச் காணி என்று வையுங்கள். மனைவி, உம்மா, ஒரு மகன், இரண்டு மகள். பிள்ளை இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, 4 பேர்ச். மிச்சம் 28. ஆணுக்கு இரண்டு பெண்ணின் பங்கு, ஆக மகனுக்கு 14, மகள்மாருக்கு ஆளுக்கு 7. எவ்வளவு வடிவாக வருகிறது பாருங்கள்.

பெப்ரவரி 13, இருபது நிமிடம் கழித்து

உம்மாவை மறந்துவிட்டேன்.

நாலு பேர் ஏற்கெனவே ஏசிவிட்டார்கள், போதும். உம்மாவுக்கு ஆறில் ஒன்று, 5⅓ பேர்ச். மனைவிக்கு அதே 4. மிச்சம் 22⅔. மகனுக்கு 11⅓, மகள்களுக்கு 5⅔ வீதம். வடிவு போய்விட்டது. நில அளவையாளர் மூன்றில் ஒரு பேர்ச்சை மலைச் சரிவில் எப்படிப் பிரிப்பது என்று தலையில் கை வைப்பார். உண்மையில் வருகிற கணக்கெல்லாம் இப்படித்தான் வரும்.

பெப்ரவரி 14

பங்குகளைக் கூட்டினால் ஒன்றைத் தாண்டாதா என்று ஒரு கணக்கு ஆசிரியை கேட்டார். தாண்டும். மனைவி, இரண்டு மகள், தாய், தகப்பன் என்று எடுங்கள். எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, ஆறில் ஒன்று, ஆறில் ஒன்று. 24ஐ அடியாக வைத்தால் 3, 16, 4, 4. கூட்டினால் 27.

உமர் கலீபாவாக இருந்தபோதே இப்படி ஒரு சிக்கல் வந்து, தோழர்களைக் கேட்டு, எல்லோருடைய பங்கையும் ஒரே வீதத்தில் குறைப்பது என்று முடிவானது. அதற்கு அவ்ல் என்று பெயர். இந்த 27 கணக்கை அலீ பள்ளிவாசல் மேடையான மிம்பரில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது யாரோ கேட்டார்களாம். பிரசங்கத்தை நிறுத்தாமலே "அவளுடைய எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தாராம். 27இல் 3, ஒன்பதில் ஒன்று. சரிதான். எனக்கு அதற்கு ஒரு தாளும் பென்சிலும் தேவைப்பட்டது.

ஆனால் நபித்தோழர் இப்னு அப்பாஸ் அவ்லை ஏற்கவில்லை, ஷீஆச் சட்டமும் ஏற்கவில்லை. அவர்கள் சிலருடைய பங்கை மட்டும் குறைப்பார்கள். குர்ஆனில் எண்ணாகவே சொன்ன இடத்திலும் மனிதர் குந்தி யோசிக்க வேண்டியிருந்தது.

பெப்ரவரி 15

கை வெட்டுவதைப் பற்றி ஏன் பேசவில்லை என்று ஒருவர். இலங்கையில் களவுக்கு எல்லோருக்கும் ஒரே தண்டனைச் சட்டக்கோவைதான். முஸ்லிம் சட்டம் என்று இங்கே நடைமுறையில் இருப்பது முக்கியமாகக் கல்யாணம், விவாகரத்து, வாரிசு, நன்கொடை, வக்பு என்கிற அறக்கொடை. பஞ்ச வருசத்தில் உமர் அந்தத் தண்டனையை நிறுத்தி வைத்தார் என்பதையும் படியுங்கள்.

பெப்ரவரி 17

இப்போது நம் நாடு. ஒரே புத்தகம் கேட்டவருக்கு ஒரு நல்ல செய்தி: இலங்கையில் அப்படி ஒன்று இருந்தது. எழுதியது மட்டும் முஸ்லிம்கள் இல்லை. பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், ஒல்லாந்தர் தங்கள் நீதிமன்றங்களுக்காகத் தொகுத்த வாரிசு, கல்யாண விதிகள் இங்கே வந்து, ஆங்கிலேயர் காலத்தில் சோனகத் தலைவர்களிடம் காட்டப்பட்டு, 1806இல் முகம்மதியச் சட்டக்கோவை என்று நாடு முழுவதற்கும் சட்டமானது. மதீனாவில் மாலிக் மறுத்த வேலையை பத்தாவியாவில் ஒல்லாந்துக் கிளாக்கர்மார் செய்து முடித்தார்கள். கிளாக்கர் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பிறகு 1929இல் கல்யாண, விவாகரத்துப் பதிவுக் கட்டளைச் சட்டம், 1931இல் வாரிசுக்கு ஒன்று, 1951இல் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம். முஸ்லிம் கல்யாண வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றம் இன்று ஓடுவது இந்தக் கடைசிச் சட்டத்தில்தான். அந்த ஆங்கிலச் சட்டத்துக்குள்ளே கைக்கூலி என்ற நம் தமிழ்ச் சொல் அப்படியே ஆங்கில எழுத்தில் கிடக்கிறது. பெண் வீட்டார் மாப்பிள்ளையிடம் கொடுத்த பணம், பெண் திரும்பக் கேட்கலாம். எந்த அரபு பிக்ஹ் நூலிலும் கைக்கூலி இல்லை. நம் ஊர் வழக்கம் சட்டத்தில் ஏறிக் குந்திக்கொண்டது.

பெப்ரவரி 18

நேற்று எழுதியதில் பெரிய பிழை. "நாடு முழுவதற்கும்" என்றேன். 1806இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கையில் இல்லவே இல்லை! கண்டி விழுந்தது 1815. மலைநாட்டு முஸ்லிம்களுக்கு அந்தக் கோவை நீண்டது 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால்தான்.

கம்பளையில் 27 வருசம் குந்தியிருந்தவன் கொழும்புக்காரன் மாதிரி எழுதியது வெட்கம். அரசனுக்குத் தவளம் ஓட்டின, மாட்டு முதுகில் உப்பும் பாக்கும் ஏற்றின முஸ்லிம் குடும்பங்கள் இந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். அவர்கள் பள்ளியும் நிகாஹும் வைத்துக்கொண்டு, காணி விஷயத்தில் கண்டிய வழக்கத்தோடு வாழ்ந்தவர்கள். 1852க்கு முன் அவர்களிடம் சட்டப் புத்தகம் எங்கே என்று கேட்டிருந்தால், பள்ளி லெப்பையைக் கையைக் காட்டியிருப்பார்கள்.

பெப்ரவரி 20

இன்று அட்டன் பக்கம் போனேன், சிவனொளிபாத மலைக்குப் போகிற பஸ்களால் பாதை அடைத்துக் கிடந்தது. முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்பார்கள். 1344இல் இப்னு பதூதா ஏறினது இந்த மலைதான். அவர் மொரோக்கோக்காரர், மாலிக்கி மத்ஹப். டில்லியிலும் பிறகு மாலைதீவிலும் காதியாக இருந்தவர். மாலைதீவுப் பெண்களை மேலாடை போட வைக்க உத்தரவு போட்டுப் பார்த்து, முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். காதியின் மை ஒரு பக்கம், ஊர் வழக்கம் ஒரு பக்கம்.

இங்கத்து முஸ்லிம்கள் ஏன் பெரும்பாலும் ஷாபிஈ என்பதற்கும் கடலில்தான் விடை. யெமன், மலபார், காயல்பட்டினம், இலங்கை, ஜாவா, இந்தக் காற்று வழியெல்லாம் ஷாபிஈ. தரை வழியாகத் துருக்கியர், மொகலாயர் போன பாதையெல்லாம் ஹனபி. நம் மத்ரஸாக்களில் ஓதுகிற ஃபத்ஹுல் முஈன் கூட 16ஆம் நூற்றாண்டில் மலபாரின் பொன்னானியில் ஸைனுத்தீன் மக்தூம் எழுதியது.

பெப்ரவரி 24

நோன்பு நெருங்குகிறது, பிறைப் பேச்சு தொடங்கிவிட்டது. சவூதியில் கண்டால் நமக்கும் போதாதா என்பது இழையில் வந்த கேள்வி. இது புதுச் சண்டை இல்லை. குறைப் என்பவர் சிரியாவிலிருந்து மதீனா வந்து, நாங்கள் வெள்ளி இரவே பிறை கண்டோம் என்றார். இப்னு அப்பாஸ், நாங்கள் சனி இரவுதான் கண்டோம், எங்கள் கணக்கில்தான் போவோம் என்றார். இமாம் முஸ்லிமின் தொகுப்பில் உள்ள ஹதீஸ். ஷாபிஈகள் அதைப் பிடித்து ஊருக்கு ஊர் அடிவானம் வேறு என்பார்கள். ஹனபிகளில் பலர் ஓரிடத்தில் கண்டால் எல்லோருக்கும் போதும் என்பார்கள்.

நுவரெலியாக்காரர் எந்தக் கட்சியானாலும் மேகத்தில் ஒன்றும் தெரியப் போவதில்லை. கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் இருந்து வானொலி சொல்லும் வரை கஞ்சிப் பானையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பெப்ரவரி 27

"பத்தாம் நூற்றாண்டில் இஜ்திஹாத் வாசல் மூடிவிட்டது" என்று போன வாரம் ஒருவருக்குத் தனிச் செய்தியில் எழுதினேன். பழைய ஐரோப்பிய நூல்களில் வந்த கருத்து அது. 1984இல் வாயில் ஹல்லாக் என்ற ஆய்வாளர் பழைய நூல்களைத் தோண்டி, அந்த வாசல் நடைமுறையில் மூடவே இல்லை என்று வாதிட்டார். நானும் என் அனுபவத்தில் இப்போது அந்தப் பக்கம். 1869 முதல் 1876 வரை உதுமானியத் துருக்கியர் தொகுத்த மஜல்லா என்ற சட்டக்கோவையில் 39ஆம் விதியே, காலம் மாறினால் சட்டங்கள் மாறுவதை மறுக்க முடியாது என்கிறது. எனக்குத் தெரிந்து வாசல் மூடியது ஹஸ்ரத்மாரால் அல்ல, அச்சு இயந்திரத்தால். பாராளுமன்றத்தில் அச்சாகிவிட்டால் ஒரு கமாவை எடுக்கவும் குழு வேண்டும். முஸ்லிம் விவாகச் சட்டத்தைத் திருத்த நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் போட்ட குழுவின் அறிக்கை கைக்கு வந்தது 2018இல்.

1951 சட்டப்படி காதி ஆண்தான். ஷாபிஈ நூல்களும் அப்படித்தான். ஆனால் அபூ ஹனீபா பல வகை வழக்குகளில் பெண் நீதிபதியை ஏற்றவர், தபரி என்ற பழைய அறிஞர் எல்லாவற்றிலும் ஏற்றவர். "இதுதான் ஷரீஆ, வேறு பேச்சில்லை" என்று கத்துகிறவரிடம் நான் இதை மெதுவாகச் சொல்வேன். மெதுவாகத்தான்.

மார்ச் 2

உங்கள் அனுபவத்தை எழுதுங்கள் என்று கேட்டீர்கள். நல்லதாக ஒன்றும் இல்லை, ஒரு பிழைதான் இருக்கிறது.

1931 சட்டத்தில் நன்கொடைக்கு ஒரு விதி: மீளப்பெற முடியாதது என்று உறுதியில் எழுதியிருந்தாலொழிய, முஸ்லிம் ஒருவர் கொடுத்த நன்கொடை மீளப்பெற முடியாததாகக் கருதப்படாது. ஒரு தகப்பன் இளைய மகளுக்கு வீட்டை எழுதிக்கொடுத்தார். வரைவு என் கை. சிங்கள உறுதி ஒன்றைப் பார்த்து எழுதினேன், அந்த ஒரு சொல் விழுந்துவிட்டது. நொத்தாரிஸ் ஐயா அவசரத்தில் கையெழுத்து வைத்துவிட்டார். மூன்று வருசம் கழித்துத் தகப்பன் மகளோடு கோபித்துக்கொண்டு வந்து, ரத்துப் பத்திரம் எழுதச் சொன்னார். எழுதினதும் நான்தான்.

மகள் கந்தோர் வாசலில் நின்று என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. ஹஸ்ரத் மட்டும் சொன்னார்: "தம்பி, எங்கட மத்ஹபில தகப்பன் பிள்ளைக்குக் குடுத்ததைத் திருப்பி எடுக்கலாம், அதனால நீ சட்டத்தை மாத்தினதா நினைக்காத. ஆனா அந்தப் புள்ள உன்ன நம்பித்தான் அந்தக் கடதாசிய எடுத்துக்கொண்டு போனது."

மார்ச் 6

பதுளையிலிருந்து ஒரு தாயின் கேள்வி. கணவர் இறந்துவிட்டார், மாமனார் உயிரோடு இருக்கிறார், அவருக்கு இன்னும் இரண்டு ஆண்மக்கள். மாமனாருக்குப் பிறகு என் பிள்ளைகளுக்குப் பங்கு வருமா?

வராது. சித்தப்பாவோ பெரியப்பாவோ உயிரோடு இருந்தால் பேரப்பிள்ளைகள் மறைக்கப்படுவார்கள். நாலு மத்ஹபிலும் அப்படித்தான். எகிப்து 1946இல் இதற்குக் கட்டாய வஸிய்யத் என்று ஒரு வழி கண்டது, மூன்றில் ஒன்றுக்குள் அந்தப் பிள்ளைகளுக்குப் போக வேண்டும் என்று. பாகிஸ்தான் 1961இல் இறந்த மகனின் இடத்தில் பிள்ளைகளையே நிறுத்தியது. இலங்கைச் சட்டத்தில் இரண்டும் இல்லை.

ஆனால் மாமனார் உயிரோடு இருக்கிறாரே, அதுதான் வழி. வாரிசு அல்லாதவருக்கு வஸிய்யத் எழுதலாம், பேரப்பிள்ளைகள் இங்கே வாரிசு அல்லர். அல்லது இப்போதே ஹிபாவாக, அதாவது நன்கொடையாக, கொடுத்துவிடலாம். குர்ஆனில் பங்கு பிரிக்கும்போது வந்து நிற்கிற உறவினருக்கும் அநாதைகளுக்கும் அதிலிருந்து கொடுங்கள் என்று ஒரு வசனம் இருக்கிறது, நாலாம் அத்தியாயம், எட்டாவது. பெரியவருக்கு மார்க்கப் பற்று இருந்தால் மௌலவியைக் கொண்டு அதைச் சொல்லுங்கள்.

மார்ச் 7

அந்தத் தாய்க்கு ஒன்று விட்டுவிட்டேன். ஹிபா என்றால், உறுதியில் "மீளப்பெற முடியாத" என்று இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் நீங்களே விரல் வைத்துப் பாருங்கள். உறுதியை எழுதி அலுமாரியில் வைக்கவும் வேண்டாம், அன்றைக்கே உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கிளாக்கர் முறைத்தால் முறைக்கட்டும்.